அகர வரிசையில் போட்ட ஏழு புத்தகங்கள்

நேற்று உன் வீட்டுக்காரர் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஹாலில் இறக்கிவைத்தார். விசா கேன்சல் ஆகிவிட்டது, வருகிற வியாழக்கிழமை விமானமாம். "புஸ்தகத்த மட்டும் கார்கோக்காரன் எடுக்க மாட்டேங்கான். அட்டையில துப்பாக்கிப் படம் இருக்குன்னு பயப்படுதான். நீங்க உங்க லைப்ரரில சேத்துக்கிடுங்க" என்றார். பள்ளிக்கூட நூலகத்தில் துப்பாக்கிப் புத்தகத்தை அடுக்கினால் அன்றைக்கே பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார் என்று சொல்ல நினைத்தேன். மனுஷன் இருந்த இருப்பைப் பார்த்துச் சொல்லவில்லை. சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று சனிக்கிழமை. காலையில் பெட்டியைப் பிரித்தேன். மேலாக இருந்த தடிப் புத்தகத்தை விரித்ததும் குப்பென்று அந்த வாசனை. தையல் மெஷின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தது போல, துப்பாக்கி துடைக்கிற எண்ணெயின் வாசனை. துப்பாக்கி சுடுகிற ரேஞ்சுக்குப் போய்விட்டு வருகிற சனிக்கிழமைகளில் உன் துப்பட்டாவில் இருக்குமே, அதே வாசனை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது எரிச்சல். பத்தொன்பது வருஷமாகப் புத்தகங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பவள் நான். ஒரு புத்தகத்திலாவது என் வாசனை ஏறியிருக்கிறதா? வருஷத்துக்கு நாலு புத்தகம் படித்த உனக்கு எப்படி ஏறியது?

இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. உன் முடியின்மேல், உன் நடையின்மேல், கூட்டத்தில் நீ வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடுவதன்மேல் என்று எல்லாவற்றின்மேலும் பொறாமை. அந்தப் பொறாமையில் நான் ஒரு காரியம் செய்தேன். இந்த வளைகுடாவில், அல் குசைஸில், நம் பில்டிங்கே உன்னைப் பேசியதே, அந்தப் பேச்சுக்குக் காரணம் நான்தான். அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. நீ போய்விட்ட பிறகு, இன்று காலை வரை எனக்கு மட்டும்.

எல்லாம் அந்த மாலையில் ஆரம்பித்தது. காய்கறி வாங்கிக்கொண்டு நீயும் நானும் பஸ் ஸ்டாப் பக்கமிருந்து நடந்து வந்தோம். நான் படித்துக்கொண்டிருந்த நாவலின் கதையை உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ 'ம்' கொட்டிக்கொண்டே வந்தவள், திடீரென்று என் முழங்கையைப் பிடித்து மலையாளி கிராசரிக்குள் இழுத்தாய். கடைக்காரரிடம் ஒரு தண்ணீர் பாட்டில் கேட்டுவிட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றாய்.

"ஏட்டி, நம்ம பின்னாடியே வந்தான்லா, அவன் சட்டை என்ன கலரு?"

"யாரு?"

"வெளங்கிரும். பஸ் ஸ்டாப்லருந்து வாரான். நாம நின்னா நிக்கான்."

கடைக்காரர் வெளியே எட்டிப்பார்த்து, தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். அந்த ஆள் கொஞ்ச நேரம் போனைப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. நீ தண்ணீரைக் குடித்துவிட்டு, "இப்ப சொல்லு, அந்தப் பொம்பள அப்புறம் என்ன செஞ்சா?" என்று என் நாவலுக்கு வந்தாய். எனக்குக் கதை மறந்துபோயிருந்தது.

அந்தச் சம்பவத்தை மகளிர் குரூப்பில் நான்தான் எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன், பயம் வருகிற மாதிரி. ஆனால் யாரும் என் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க? என்ன புக் படிச்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க." நீ கல்லூரியில் மாணவர் படையில் ரைஃபிள் சுட்டவள், இங்கே வந்தும் ரேஞ்சை விடாதவள் என்று அன்றைக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. அந்தக் குரூப்பில் நூலகர் என்று ஒருத்திதான் இருக்கிறாள். என்ன படிக்கலாம் என்று பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெண்ணும் அவளைக் கேட்டதில்லை.

என் மகள்கூட என் பக்கம் இல்லை. "அம்மா, ஆன்ட்டி இஸ் சோ கூல். நீங்க படிக்கிறீங்க, அவ்ளோதான். ஆன்ட்டி படிச்சதைச் செய்யறாங்க" என்றாள். பதினேழு வயசுக்காரி தோசையை மென்றுகொண்டே சொன்னது. எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ரேஞ்சுக்கு என்னை ஒருமுறை கூட்டிப் போனாய், ஞாபகம் இருக்கிறதா? நீ சுடுவதை ஒருதடவை பார்க்க வேண்டும், அதில் ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் வந்தேன். காதுக்கு அந்தப் பெரிய மூடியை நீயே மாட்டிவிட்டாய். துப்பாக்கியை என் கையில் தருவதற்குள் மூன்று தடவை சொன்னாய். குண்டு இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே, இருக்கிறது என்றே பிடி. சுடத் தீர்மானிக்கிறவரை விரலை விசைக்கு வெளியே வை. குழல் வாயை எந்த ஆள் பக்கமும் திருப்பாதே. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். முதல் குண்டு வெடித்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பயந்துக்கோ, தப்பில்ல. கண்ண மட்டும் மூடாத. கண்ண மூடிட்டா பயம் மட்டுந்தாம்ட்டி மிஞ்சும்."

பத்துக் குண்டு சுட்டேன். தாளைக் கொண்டுவந்து பார்த்த பாகிஸ்தான்காரப் பயிற்சியாளர், "மேடம், தாள் நல்லா இருக்கு, வீட்டுக்குக் கொண்டுபோய் வேற எதுக்காவது வச்சுக்கலாம்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். ஒரே ஒரு ஓட்டை, அதுவும் மூலையில். உன் தாளில் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கிழிசல். அவர் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். திரும்பி வரும்போது காரில் நீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாய். ஏதாவது பெருமை அடித்திருந்தாலாவது உன்னை வெறுக்க எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீ அடிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், குரூப்பில் கேட்ட புத்தகப் பட்டியலைக் கொண்டுவந்தாய். உன் ஆபீஸ் தாளின் பின்பக்கம், பென்சிலில், ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டு எழுதியிருந்தாய். எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நம் பாஷையில் உன் குறிப்பு. முதலாவது, தெருவில் நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் எழுதியது. 'இதப் படிச்சுட்டுப் பத்து நாள் சும்மா நட, போன் பைக்குள்ள இருக்கட்டும்' என்று அதற்குக் குறிப்பு. இரண்டாவது, வளைகுடா நாடுகளின் சட்டம் பற்றிய சின்னக் கையேடு. அதன் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்து எழுதியிருந்தாய்: 'இதப் படிக்காம கீழ போகாத. இங்க மிளகு ஸ்பிரே வச்சிருந்தாலே குத்தம்.' அப்புறம் பயத்தைப் பற்றி ஒன்று. 'வேண்டாம்' என்று சத்தமாகச் சொல்லிப் பழகுவதற்கு ஒன்று. அதற்கு, 'கண்ணாடி முன்னாடி நின்னு கத்திப் பாரு, பக்கத்து வீட்ல மொதல்ல சொல்லிட்டுக் கத்து.' பிடித்த கையை உதறிவிட்டு ஓடுவது எப்படி என்று ஒன்று, ஓடி வந்த பிறகு யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒன்று. ஏழாவதாகத்தான் துப்பாக்கி. 'இது கடைசி. ரேஞ்சுக்குப் போறவங்களுக்கு மட்டும். மேல உள்ள ஆறையும் படிச்சவளுக்கு இது தேவைப்படாது, ஆசைக்குப் படிக்கலாம்.'

"நீதான லைப்ரரி. இத அழகா டைப் பண்ணி குரூப்ல போட்டுரு. ஒன் பேரையும் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, இட்லிமாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

நான் அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு குறிப்பும் நன்றாக இருந்தது, அதுதான் பிரச்சினை. இத்தனை புத்தகம் படித்த நான் எழுதியிருந்தாலும் அப்படி இரண்டு வரியில் வந்திருக்காது. புத்தகப் பட்டியல் என்றால் ஆசிரியர் பெயர், புத்தகத்தின் பெயர், பதிப்பித்த வருஷம். இதில் இட்லிமாவுப் பேச்சு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்தேன். எண்களையும் எடுத்தேன். ஆசிரியர் பெயர்ப்படி அகர வரிசையில் அடுக்கினேன். நூலகப் பட்டியலுக்கு அதுதான் முறை. யார் கேட்டாலும் முறை என்று சொல்லலாம். கை பழக்கத்தில் பாதி செய்தது, வயிற்றெரிச்சலில் பாதி செய்தது. எந்தப் பாதி பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும், எழுதக் கை வரவில்லை.

துப்பாக்கிப் புத்தகத்தை எழுதியவர் பெயர் 'ஏ'யில் ஆரம்பிக்கிறது. அது முதலில் வந்துவிட்டது. சட்டக் கையேடு எழுதியவர் பெயர் 'டபிள்யூ'. அது கடைசிக்குப் போய்விட்டது. மேலே உன் பெயரைப் போட்டேன், 'பரிந்துரைப்பவர்' என்று. என் பெயரைப் போடவில்லை. உனக்குப் பின்னால் இரண்டாவது பெயராக வர எனக்கு ரோஷம். அந்த ரோஷம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

பட்டியல் எங்கெல்லாமோ போயிற்று. தம்மாமில் இருக்கும் என் நாத்தனார் எனக்கே அனுப்பி, "உங்க பில்டிங் ஆளாமே, பழக்கமா?" என்று கேட்டாள். பழக்கம்தான் என்று பதில் போட்டேன்.

மூன்றாவது மாடி கல்பனா லீவுக்குக் கோயம்புத்தூர் போனவள், பட்டியலில் முதலில் இருந்ததை மட்டும் வாங்கிப் படித்தாள். துப்பாக்கி இல்லாதவர்கள் கைப்பையில் என்ன வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. படித்துவிட்டு இரண்டு மிளகு ஸ்பிரே வாங்கி, பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். காலையில் இறங்கியவளைச் சாயங்காலம் வரை உட்கார வைத்து, பொருளைப் பிடுங்கி, என்னென்னவோ எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். விசா போய்விடும் என்று நினைத்து அங்கேயே வாந்தி எடுத்தாளாம்.

அவள் புருஷன் நேராக உன் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கத்தியதில் நாலு மாடிக்கும் கேட்டது. "துப்பாக்கி டீச்சர் வேலை பாக்கணும்னா உங்க ஊர்ல போய்ப் பாருங்கம்மா. எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க!" நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இறங்கி வந்து, "அது இவ தப்பில்லைங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவள். கதவைத் திறக்காமல் நின்றேன். சொல்லவா? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் உன்னையும் ஒருவர் திட்டிவிட்டார் அல்லவா!

மறுநாள் நீ வந்தாய். டீ போடச் சொன்னாய். அதுவரை நான் குரூப்பில் போட்ட பட்டியலை நீ பார்க்கவே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. உட்கார்ந்து போனில் அதைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை ஒருதடவை படித்தாய்.

"ஏட்டி, ஏ பி சி டி வரிசையா போட்ட?"

"அதுதான் முறை."

"கீழ எழுதுனதெல்லாம்?"

"நீளமா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

நீ என்னைப் பார்த்தாய். பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்தவனைப் பார்த்தாயே, அப்படி. எனக்குள் என்ன இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்துகொண்டாய். இப்போது கத்துவாள், நானும் கத்தலாம், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். நீ டீயைக் குடித்து முடித்தாய்.

"சரி விடு. யாருட்டயும் சொல்லிட்டுத் திரியாத. ஒனக்குப் பள்ளிக்கூட வேல. என்னைய என்ன செஞ்சிரப் போறாவ?"

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாய். அன்றைக்கே குரூப்பிலிருந்து விலகினாய். வீட்டுக்காரர் விசாவுக்குப் பயந்து, ரேஞ்சும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நீ அதையும் விட்டாய். லிஃப்டில் உன்னைப் பார்த்தால் சில பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ என்னிடம் எப்போதும் போலத்தான் பேசினாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நல்லவளாக இருப்பதிலும் நீதான் முதலா? எனக்கு ஓர் இடம்கூட விட மாட்டாயா?

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருஷம் ஓட்டினேன். போன ஆடியில் லீவுக்கு ஊருக்குப் போனாய். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது, நாலாம் நாள் மற்றச் செய்தி வந்தது. நாற்பத்து நாலு வயசு. குரூப்பில் எல்லோரும் கைகூப்பிய படம் போட்டார்கள். நானும் போட்டேன்.

போன வாரம் கல்பனா லிஃப்டில் என்னைப் பிடித்தாள். அவள் மகள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள், ஹாஸ்டலில் தனியாக இருக்கிறாளாம். "அக்கா, அவங்க போட்ட லிஸ்ட் உங்ககிட்ட இருக்குதுங்களா? நான் கோவத்துல அழிச்சுப் போட்டேன். பிள்ளைக்கு அனுப்பணும்" என்றாள். இல்லை, தேடிப் பார்க்கிறேன் என்றேன். இருந்தது. அதே வரிசையில், குறிப்பு இல்லாமல். அதை எப்படி அந்தப் பிள்ளைக்கு அனுப்புவது?

இன்று காலை பெட்டிக்குள் டைப் அடித்ததும் நான் உன்னிடமே திருப்பித் தந்த பென்சில் தாள் கிடைத்தது, உன் பட்டியலின் முதல் புத்தகத்துக்குள் நாலாக மடித்து. தரையில் உட்கார்ந்து, நீ எழுதிய வரிசையில், நீ எழுதிய பாஷையில், ஒரு எழுத்தைத் திருத்தாமல் ஏழையும் போனில் அடித்தேன். அடியில் நாலு வரி சேர்த்தேன். 'இதுதான் அவள் தந்த பட்டியல். அன்று வரிசையை மாற்றியது நான். சட்டம் பற்றிய குறிப்பை எடுத்ததும் நான். மறதியில் இல்லை, பொறாமையில். கல்பனாவுக்கு நேர்ந்ததற்கு நான் காரணம், அவள் இல்லை.' பொறாமை என்ற சொல்லை இரண்டு தடவை அழித்து, மூன்றாவது தடவை அப்படியே விட்டேன். குரூப்பில் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தேன். பள்ளிக்கூடம் வரை போகலாம், கல்பனா புருஷன் என் வாசலில் வந்து கத்தலாம். வரட்டும் என்றுதான் கதவைக்கூடச் சாத்தாமல் இருந்தேன்.

கல்பனாதான் முதலில் குரல் பதிவு அனுப்பினாள். அழுகிறாள். "அக்கா, நீங்க செஞ்சது தப்புதானுங்க. ஆனா பாருங்க, அத்தனை பேச்சு வாங்கியும் அவங்க உங்க பேரைச் சொல்லலையே! எங்க வீட்டுக்காரர் அப்படிக் கத்தினப்பக்கூட வாயைத் திறக்கலையே! எப்பேர்ப்பட்ட மனசுங்க அது. அவங்க மாதிரி யாரு வருவாங்க?"

அவ்வளவுதான், எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள். தெய்வம் என்கிறாள் ஒருத்தி. தங்கம் என்கிறாள் இன்னொருத்தி. லிஃப்டில் முகம் கொடுக்காமல் நின்றவள் உன் போட்டோவைத் தன் முகப்புப் படமாக வைத்திருக்கிறாள். என்னைத் திட்ட ஒருத்திக்கும் நேரமில்லை. மத்தியானம் வரை போன் துடித்துக்கொண்டே இருந்தது, எல்லாம் உன் பெயர். ஒருவழியாகத் தைரியம் வந்து, என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பெரிய காரியம் செய்தேனடி. அதையும் நீ வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

போனை சோபாவில் எறிந்துவிட்டு இதை எழுதுகிறேன். மகள் வந்து, "அம்மா, ஆர் யூ க்ரையிங்?" என்கிறாள். இல்லை, கோபம் என்றேன். கோபம்தான். எட்டு மாதமாக நீ இல்லை. இந்தப் பொறாமை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு பொடி குறையவில்லை. அன்றைக்கு டீ குடித்துவிட்டு எழுந்து போனாயே, அது சரியில்லை. எனக்கும் உனக்கும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. கதவு திறந்துதான் கிடக்கிறது. வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிவிட்டுப் போ.